காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்: ஏரோ தீவில் குழந்தைகளோடு

டென்மார்க்கில் ஃபுன் என்ற பெரிய தீவுக்குத் தெற்கே, சிறியதும் பெரியதுமாகப் பல தீவுகள் சிதறிக் கிடக்கும் ஆழமற்ற கடற்பரப்பு ஒன்று உண்டு. கடைசிப் பனியுகம் விட்டுச்சென்ற மேடு பள்ளமான நிலம் அது. பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளங்களில் நீர் புகுந்தது. மேடுகள் தீவுகளாக நின்றன. ஏரோஸ்கோபிங் ஊருக்கு அருகே மோலகாபெட் என்ற இடத்தில், கற்கால மனிதர்கள் குடியிருந்த நிலம் இன்று கடலடியில் கிடக்கிறது. தொல்லியலாளர்கள் நீரில் மூழ்கி அதை அகழ்ந்திருக்கிறார்கள். இந்தத் தீவுக்கூட்டத்தை 2024இல் யுனெஸ்கோ தன் உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்த்தது. இந்த வரலாறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நேரடியாக உதவுவது. கடலுக்குள் பல அடி நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாத இடங்கள் இங்கே அமைந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த அத்தியாயம் அந்தக் கூட்டத்தில் உள்ள ஏரோ தீவைப் பற்றியது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர், பரப்பு 88 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். ஏரோஸ்கோபிங், மார்ஸ்டல், சோபி என்று மூன்று ஊர்கள். ஃபுன்னோடும் பெருநிலத்தோடும் இணைக்கும் பாலம் எதுவும் கிடையாது, ஃபெரியில்தான் வரவேண்டும். கூட்டம் குறைவாக இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கடற்கரை என்றால் மணல், புல், தண்ணீர், காற்று, அவ்வளவுதான். சுண்டல்காரர் வரமாட்டார், வாடகைக் குடை கிடையாது, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடங்கள் உண்டு. நீங்கள் கொண்டுபோவதுதான் உங்களுக்கு. அதை ஏற்றுக்கொண்டு, பையைச் சரியாகக் கட்டிக்கொண்டு போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல கடற்கரை வட ஐரோப்பாவில் கிடைப்பது அரிது என்பது என் உறுதியான எண்ணம்.

எப்போது, எப்படி

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரைதான் கடலில் இறங்கும் காலம். அந்த மாதங்களில் தண்ணீரின் வெப்பம் பொதுவாக 17 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நம் கடலில் குளித்துப் பழகியவருக்கு முதல் காலடியில் உடல் சிலிர்க்கும். டென்மார்க்கில் பள்ளி விடுமுறை ஜூன் இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் முற்பகுதியில் முடிகிறது. ஜூலையில் தங்குமிடங்கள் நிரம்பிவிடும், விலையும் கூடும். உங்கள் பிள்ளைகளின் பள்ளி இடம் கொடுத்தால் ஆகஸ்ட் நடுவில் போங்கள். தண்ணீர் கோடை முழுவதும் சேர்த்த வெப்பத்தை இன்னும் விட்டிருக்காது, கரையோ காலியாகிவிடும். நான் பரிந்துரைப்பது அந்த நாட்களைத்தான்.

ஜூன் கடைசியில் போகிறவர்களுக்கு வேறொரு பேறு உண்டு. அப்போது இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூன் 23ஆம் தேதி மாலை, சான்க்ட் ஹான்ஸ் இரவு என்று, நாடெங்கும் கடற்கரைகளில் பெரிய நெருப்பு மூட்டி ஊரார் கூடிப் பாடுவார்கள். அயலார் நின்று பார்ப்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

கோபன்ஹேகனிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் ஓடென்ஸ வந்து, அங்கே வண்டி மாறி ஸ்வென்போர் போகவேண்டும். ஃபெரித்துறை ஸ்வென்போர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஏரோஸ்கோபிங்குக்கு 75 நிமிடப் பயணம். ஃபோபோரிலிருந்து சோபிக்கும், லாங்கலான் தீவிலுள்ள ரூட்கோபிங்கிலிருந்து மார்ஸ்டலுக்கும் ஃபெரிகள் உண்டு. யூட்லாந்தில் ஹெர்னிங், பிராண்டே பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் காரில் வருவதானால், ஃபுன்ஸ்ஹாவ் துறைக்கு வந்து சோபிக்குப் போகும் ஃபெரியைப் பிடிப்பது சுற்று குறைந்த வழி. அந்தத் தடத்தில் 2019 முதல் எல்லன் என்ற கப்பல் ஓடுகிறது. டீசல் இல்லை, முழுக்க மின்கலத்தில் இயங்குவது. இயந்திர அதிர்வோ புகையோ இல்லாமல் கடலைக் கடப்பது குழந்தைகளுக்கு நல்ல அனுபவம். அதற்காகவே அந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தகும்.

கோடையில் கார் கொண்டுவருவதானால் ஃபெரியில் காருக்கான இடத்தை வாரக்கணக்கில் முன்பே பதிவுசெய்துவிடுங்கள். கையை வீசிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கார் இல்லாமலேயே சமாளிக்கலாம் என்பேன். மூன்று ஊர்களையும் இணைத்து ஓடும் தீவுப் பேருந்துக்குக் கட்டணம் கிடையாது, ஏறி உட்கார்ந்தால் போதும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். 90, 91, 92 என்று எண்ணிட்ட சைக்கிள் தடங்கள் தீவைச் சுற்றுகின்றன. டென்மார்க் தட்டையான நாடு என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். உயரமான மேடு 68 மீட்டர்தான் என்றாலும் ஏற்ற இறக்கம் ஓயாமல் வரும். சிறு பிள்ளைகளை வைத்து மிதிப்பவர்கள் பெற்றோருக்காவது மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கரை?

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்: ஏரோவில் காலையில் முதலில் பார்க்கவேண்டியது காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பது. வெயிலா மழையா என்பது அதற்கு அடுத்துத்தான். வெயில் காய்ந்தாலும் தவறான கரையில் காற்றுக்கு எதிரே உட்கார்ந்தால் அரை மணியில் பிள்ளைகள் நடுங்கத் தொடங்கிவிடுவார்கள். தீவு சிறியது என்பதால் கரையை மாற்றுவது எளிது.

டென்மார்க் வானிலை நிலையத்தின் முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தருவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் எந்தக் கரையும் இதமாக இருக்கும். ஐந்துக்கு மேல் எட்டு வரை போனால் ஒதுக்கான கரையையும் காற்றை மறைக்கும் துணித்தடுப்பையும் தேடவேண்டும். பத்தைத் தாண்டினால் அன்றைக்குக் குளியலை விட்டுவிட்டு ஊருக்குள் சுற்றுங்கள். இந்தப் பிரிப்பு என் கணக்கு. சிறு பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்வது.

ஏரோஸ்கோபிங்கில் தங்குகிறவர்களுக்கு வெஸ்டர்ஸ்ட்ராண்ட் கரை கைக்கெட்டும் தூரம். ஊரிலிருந்து கால் மணி நடை. உரஹோவெட் என்ற நிலமுனையின் மேற்கு விளிம்பில், மணலும் புல்லும் கலந்த நீண்ட கரை இது. கரையோரம் வரிசையாகச் சிறு மரக்குடில்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். டென்மார்க்கைப் பற்றிய நாட்காட்டிகளில் இந்தக் குடில்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். தண்ணீர் ஆழமில்லாதது; தவழ்கிற குழந்தையைக்கூட விளிம்பில் உட்காரவைக்கலாம், கையெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தால். மாலையில் சூரியன் கடலில் இறங்குவதை நேரே பார்க்கலாம் என்பதால் இரவுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் நிறைய. ஆனால் இந்தப் பகுதியில் அடிக்கடி வீசுவது மேல்காற்று. அது சற்று வலுத்தாலும் இந்தக் கரையின் முகத்தில்தான் அறையும்.

அப்படிப்பட்ட நாளில் பேருந்தைப் பிடித்துத் தீவின் கிழக்குமுனைக்கு, மார்ஸ்டலுக்குப் போய்விடுங்கள். ஊரின் தெற்கே எரிக்ஸ் ஹாலே என்ற மெல்லிய மணல்திட்டு கடலுக்குள் வளைந்து நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் திறந்த பால்டிக், மறுபக்கம் அடங்கிய ஆழமற்ற நீர். ஒருபுறம் அலை தெறித்தால் சில அடி நடந்து மறுபுறம் உட்கார்ந்துகொள்ளலாம். இங்கும் மரக்குடில்கள் உண்டு. கூரை வேய்ந்த ஒன்று மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும். தீவில் ஒரே ஒரு கடற்கரைக்குத்தான் போக நேரம் இருக்கிறது, குழந்தைக்கு ஐந்து வயதுக்குள் என்றால் தயங்காமல் எரிக்ஸ் ஹாலேயைச் சொல்வேன்.

தென்கரையில் உள்ள ரீசமார்க் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. திறந்த கடலைப் பார்த்த கரை என்பதால் அலை இருக்கும். நீந்தத் தெரிந்த பத்து, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு மற்ற இரண்டும் சலித்துவிடும், இது சலிக்காது. தீவின் மேற்குப் பாதியையும் கிழக்குப் பாதியையும் இணைக்கும் டிரையெட் என்ற ஒடுங்கிய நிலப்பகுதியிலும் கடலைத் தொட்டு உட்காரலாம். சைக்கிளில் போகிறவர்கள் இளைப்பாற நல்ல இடம்.

குடில்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை தனியாருடையவை, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருப்பவையும் உண்டு. பூட்டியிருக்கிறது, யாரும் இல்லை என்று திண்ணையில் ஏறிப் பையை வைக்கக்கூடாது. வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வெளிநாடுகளிலிருந்து திருமணம் பதிவுசெய்ய இந்தத் தீவுக்கு வரும் இணைகள் ஏராளம். மணக்கோலத்தில் அவர்கள் இந்தக் குடில்களின் முன் நின்று படமெடுப்பதை நீங்களும் பார்ப்பீர்கள்.

கடற்கரை எல்லோருக்கும் உரியது. டென்மார்க்கின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி தனியார் நிலத்தை ஒட்டிய கரையிலும் எவரும் நடந்துபோகலாம், சிறிது நேரம் தங்கலாம், குளிக்கலாம். ஆனால் அத்தகைய தனியார் கரையில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள் துண்டை விரித்து உட்காரவோ குளிக்கவோ கூடாது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கடற்கரைக்கு வரும் நாய்களைக் கயிற்றில் கட்டிவைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். நாயைக் கண்டால் அஞ்சும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தெம்பூட்டலாம்.

தண்ணீரில் இறங்கும் முன்

இந்தச் சிறிய கரைகளில் உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் காவலர் இருப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள். டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கே கற்றுத்தரும் ஐந்து விதிகள் உண்டு: நீந்தக் கற்றுக்கொள், தனியாக இறங்காதே, காற்றையும் நீரையும் படி, கரையைத் தெரிந்துகொள், பிள்ளைகளைப் பார்வையிலிருந்து விடாதே. ஐந்தில் மூன்றாவதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் போவது. அதை விளக்கிச் சொல்லவேண்டும்.

ஒதுக்கான கரை என்றால் என்ன? காற்று உங்கள் முதுகுக்குப் பின்னால், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். அங்கே மணலில் இதமாக இருக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். பார்ப்பதற்கு எல்லாக் கரையிலும் பத்திரமானது அதுவே என்று தோன்றும். காற்றடைத்த மெத்தையோ, வளையமோ, முதலைப் பொம்மையோ அந்தத் தண்ணீரில் இருந்தால் நிலைமை வேறு. கரைக்காற்று அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையை விட்டு விலகவிலகக் காற்றின் மறைப்பு போய்விடுவதால் வேகம் கூடும். பெரியவர் நீந்திப் பிடிக்க முடியாத வேகம். குழந்தை மேலே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் பொம்மையைத் துரத்திக்கொண்டு நீந்தப் போய் ஆழத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கரைக்காற்று வீசும் நாளில் காற்றடைத்த எதையும் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். போய்விட்டால், போகட்டும் என்று விட்டுவிடச் சொல்லிப் பிள்ளைகளுக்கு முன்பே பழக்குங்கள்.

அவசரத்துக்கு எண் 112. பல கடற்கரைகளின் நுழைவில் பச்சைப் பலகை ஒன்றில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் எழுதியிருக்கும். அழைக்கும்போது அதைப் படித்துச் சொன்னால் நீங்கள் நிற்கும் இடம் துல்லியமாக அவர்களுக்குத் தெரிந்துவிடும். கரைக்குள் நுழையும்போதே அந்தப் பலகையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

குளிரைக் குறைத்து எடைபோடவேண்டாம். உதடு நீலம் பாரிக்கும்வரை குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். தனக்குக் குளிர்வதாக அது சொல்லாது. சிறியவர்களைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்து, ஈர உடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த உடை போடுங்கள். சுடிதாரோடும் சேலையோடும் இறங்குவதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் நனைந்த பருத்தித்துணி அந்தக் காற்றில் உடம்பின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். முழு உடல் மூடும் நீச்சலுடை எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதை அணிந்துவந்தால் நாணமும் காக்கப்படும், குளிரும் தாங்கும். இங்கே கடல்நீரின் உப்பு பெருங்கடலில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால் குளித்த பின் உடம்பு அவ்வளவாகப் பிசுபிசுக்காது.

வெயிலும் அப்படித்தான், சுடாதது போலிருந்து சுட்டுவிடும். காற்று குளிர்ச்சியாக வீசுவதால் தோல் எரிவது மாலையில்தான் தெரியும். கறுத்த தோலுக்கு வெயில்பூச்சு வேண்டாம் என்று நினைப்பது தவறு. நீண்ட கோடைப் பகல் முழுதும் திறந்தவெளியில் இருக்கப்போகிறீர்கள். தொப்பியும் பூச்சும் எல்லோருக்கும் வேண்டும்.

நீர்விளிம்பில் பல இடங்களில் கூழாங்கற்கள் ஒரு பட்டையாகக் கிடக்கும். ரப்பர் அடிவைத்த நீர்ச்செருப்பு இருந்தால் கால் நோகாது. கரையில் கறுத்த நாடாக்களாக ஒதுங்கிக் கிடப்பது கடற்புல். காற்றடித்த மறுநாள் குவியலாக நாறிக்கொண்டிருக்கும். அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம், ஆழமற்ற கடலில் மீன்குஞ்சுகளுக்கு வீடாக இருப்பது அந்தப் புல்தான்.

ஜெல்லி மீன்களில் இரண்டைப் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ, நடுவில் ஊதா வளையங்கள் நான்கு தெரிவது தீங்கற்றது. சிவப்பும் பழுப்பும் கலந்து, நீண்ட மயிர்போன்ற இழைகள் தொங்குவது கொட்டும். அது மிதந்துபோன பின்னும் அறுந்த இழைகள் நீரில் இருக்கும் என்பதால், கண்ணில் பட்டால் சற்றுத் தள்ளிப்போய்க் குளியுங்கள். கொட்டிவிட்டால் கடல்நீராலேயே கழுவி, ஒட்டிய இழைகளை வங்கி அட்டை போன்ற ஒன்றால் சுரண்டி எடுக்கவேண்டும். குடிநீரை ஊற்றினால் எரிச்சல் கூடும்.

காற்றில்லாமல் பல நாள் வெயில் காய்ந்தால் நீலப்பச்சைப் பாசி பெருகக்கூடும். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பாருங்கள். உங்கள் பாதம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அன்று குளிக்க வேண்டாம், பிள்ளைகள் அந்த நீரை வாயில் வைக்கவும் விடவேண்டாம். தண்ணீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டி நிலைத்துவிடும் கோடைகளில் இன்னொரு எச்சரிக்கை: காலில் ஆறாத புண் உள்ள நீரிழிவுக்காரர்கள் கடலில் இறங்கக்கூடாது. வெதுவெதுப்பான உப்புக் குறைந்த நீரில் பெருகும் ஒருவகை நுண்ணுயிரி புண் வழியே ஏறினால் கடும் தொற்றாகிவிடும். பாட்டி தாத்தாவோடு வருகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நாளைக் கழிப்பது

பால்டிக்கின் இந்தப் பகுதியில் ஏற்றவற்றம் இல்லையென்றே சொல்லலாம். காலையில் கட்டிய மணல்வீட்டை மாலைவரை கடல் கொண்டுபோகாது. குழி தோண்டும் பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள். இடுப்புக்கு மேல் ஆழமாகத் தோண்டினால் மணல் சரிந்து மூடிவிடும்.

டேனிஷ் பிள்ளைகளின் கோடை விளையாட்டு நண்டு பிடிப்பது. ஒரு நூல், அதன் நுனியில் துணி மாட்டும் கிளிப், கிளிப்பில் உடைத்த சிப்பியின் சதை. படகுத்துறைப் பலகையில் படுத்துக்கொண்டு அதைத் தண்ணீரில் இறக்கிக் காத்திருந்தால் கரைநண்டு பற்றிக்கொள்ளும். விடாமல் மெல்லத் தூக்கவேண்டும். பிடித்தவற்றைக் கடல்நீர் நிரப்பிய வாளியில் நிழலில் வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். பலகையில் வரிசையாக விட்டு எது முதலில் கடலுக்குள் விழுகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். மொழி தெரியாத நம் பிள்ளைக்கு அங்கே தோழர்கள் கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. நூலும் கிளிப்பும் கையில் இருந்தால் போதும், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை இடம் விட்டுக்கொடுக்கும்.

கற்கள் பொறுக்குவது இன்னொன்று. தீக்கல் இங்கே நிறைய. துளைவிழுந்த கற்கள், விரல் வடிவப் பழங்காலப் படிமங்கள், கல்லாகிப்போன கடல்முள்ளிகள் கிடைக்கும். கைப்பிடி அளவு வீட்டுக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. பெரிதாகவோ அரிதாகவோ ஏதேனும் கிடைத்தால் அருங்காட்சியகத்தில் காட்டவேண்டும். அறிவியல் மதிப்புள்ள படிமங்கள் அரசுக்கு உரியவை.

உணவுக்கு, சமையலறை உள்ள கோடைவீட்டை வாடகைக்கு எடுப்பதே நமக்கு வசதி. புளிசாதம், எலுமிச்சைச் சாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் கடற்கரைக்கு ஏற்றவை. மூடிய டப்பாவில் இருக்கட்டும், கடற்காக்கைகள் கையிலிருந்தே பறித்துப்போகும். மீன் சாப்பிடுகிறவர்கள் ஏரோஸ்கோபிங் துறைமுகத்தில் உள்ள புகையூட்டும் கூடத்தில் புகையில் வெந்த மீனை அங்கேயே வெளிமேசையில் உட்கார்ந்து உண்ணலாம். கோடையில் வீடுதோறும் உண்ணும் கோல்ட்ஸ்கோல் என்பது மோரில் இனிப்பும் வெனிலாவும் சேர்த்த குளிர்ந்த உணவு, மேலே மொறுமொறுவென்ற சிறு பிஸ்கட்டுகள். மோரில் இனிப்பா என்று தயங்காமல் ஸ்ட்ராபெரி போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவர்கள் அட்டையைப் படித்து வாங்கவேண்டும்.

சாலையோரங்களில் வீட்டுக்காரர்கள் சிறு மேசையில் உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, தேன், பட்டாணி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். விலை எழுதியிருக்கும், பக்கத்தில் காசுப்பெட்டி இருக்கும். டென்மார்க்கில் வசிப்பவர்கள் கைபேசியில் பணம் அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அந்தச் செயலி பெரும்பாலும் வேலை செய்யாது. மற்ற எல்லா இடத்திலும் அட்டை போதும் என்றாலும் இதற்காகக் கொஞ்சம் குரோன நாணயங்களை வைத்துக்கொள்ளுங்கள். பணம் போடாமல் ஒரு பழம்கூட எடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க நல்ல இடம் அது.

கரையில் நடந்துகொள்ளும் முறைக்கு எழுதிய விதி அதிகம் இல்லை. ஆனால் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். அடுத்த குடும்பத்திலிருந்து தாராளமாக இடைவெளி விட்டு உட்காருவார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு போடமாட்டார்கள். சிறு குழந்தைகள் உடையின்றி விளையாடுவதும், பெண்கள் மேலாடையின்றி வெயில் காய்வதும் அங்கே சாதாரணம். உற்றுப் பார்ப்பதுதான் அநாகரிகம். கைபேசியைத் தூக்கும்போது பிறர் குழந்தைகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடை மாற்ற அறை இருக்காது. பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு மாற்றுவதுதான் வழக்கம். நம் வேட்டி இதற்கு மிக நன்றாக உதவும்.

குப்பையை எடுத்துக்கொண்டே திரும்புங்கள். பானப் புட்டிகளுக்கும் டின்களுக்கும் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பல்பொருள் அங்காடியின் இயந்திரத்தில் போட்டால் அளவுக்கேற்ப 1 குரோன முதல் 3 குரோன வரை திரும்பக் கிடைக்கும். கரி அடுப்பு கொண்டுவந்து சுடுகிறவர்கள் சூடான கரியை மணலில் புதைக்கக்கூடாது. மேலே மணல் சாதாரணமாகத் தெரியும், ஓடிவரும் குழந்தையின் பாதம் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறிய பிறகு அப்புறப்படுத்துங்கள்.

மழை பெய்தால்

பெய்யும். டென்மார்க்கின் கோடையில் மழையில்லாத வாரம் கிடைத்தால் அது நல்வாய்ப்பு. ஏரோஸ்கோபிங்கில் 18ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றன. சாளரம் அளவுக்கு உயர்ந்த ஹாலிஹாக் பூச்செடிகள் சுவரோரம். பாதுகாத்துவைத்த முறைக்காக இந்த ஊர் ஐரோப்பிய விருது பெற்றிருக்கிறது. அங்கே புட்டிக்குள் கப்பல் செய்த பீட்டர் யாகப்சனின் அருங்காட்சியகம் பிள்ளைகளைக் கட்டிப்போடும். கடலோடியாக இருந்த அவர் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிக் கப்பல்களைச் செய்தவர். மார்ஸ்டலின் கடல்வணிக அருங்காட்சியகம் இன்னும் பெரியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சிற்றூர் முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களின் சொந்த ஊராக இருந்தது. மாடல் கப்பல்கள் நிறைந்த அந்தக் கூடங்களில் ஒரு மழைநாள் போவது தெரியாது. துறைமுகத்தைக் காக்கும் நீண்ட கல் அணையை 1825 முதல் ஊரார் தாங்களே கல் சுமந்து கட்டினார்கள். மழை விட்டதும் அதைப் பாருங்கள்.

மேற்குமுனையில் 1881இல் கருங்கல்லில் கட்டிய ஷோல்னெஸ் கலங்கரை விளக்கம் உண்டு. தென்மேற்கில் வூடரூப் என்ற இடத்தில் நிலம் படிப்படியாகச் சரிந்து கடலுக்கு இறங்குகிறது. பார்க்கவேண்டிய இடம்தான், ஆனால் கைக்குழந்தையோடு விளிம்புக்குப் போகவேண்டாம்.

கோபன்ஹேகனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், ஆனால் ரயிலிலும் ஃபெரியிலுமே நாள் கழிந்துவிடும், அன்றைய காற்று எந்தக் கரையைக் கொடுக்கிறதோ அதை ஏற்கவேண்டியதுதான். மூன்று இரவாவது தங்குங்கள். மூன்று நாளில் ஒரு நாளாவது காற்று அடங்கும்.